ஆர்த்திக் அண்ணன் ஊதிய விசில்

மொரீஷியஸ் தீவுக்குச் சட்டம் எழுத எத்தனையோ துரைமார் கப்பலேறி வந்து போனார்கள். அவர்கள் எழுதியதை ஒரு வரி விடாமல் படித்து, படித்ததை ஒரு வரி விடாமல் நம்பி, நம்பியதை ஒரு வரி விடாமல் நடத்திக் காட்டிய மனிதர் இந்தத் தீவில் ஒரே ஒருவர்தான். எங்கள் கான் தெ மாஸ்க் ஊரில் நாலு ஏக்கர் கரும்பு வைத்திருந்த ஆர்த்திக் அண்ணன்.

கார்த்திக் என்பதை அச்சுக்கோப்பவர் தப்பாகக் கோத்துவிட்டார் என்று நினைத்து ஆசிரியருக்குக் கடுதாசி போடாதீர்கள். ஆர்த்திக்தான். சட்டத்தில் ஒன்று, இரண்டு என்று பிரிவுகள் இருக்கும் அல்லவா, அவற்றை எங்கள் ஊர் கிரியோல் பேச்சில் ஆர்த்திக் என்போம். அண்ணன் வாயைத் திறந்தால் "ஆர்த்திக் பன்னிரண்டு என்ன சொல்லுது தெரியுமா?" என்றுதான் ஆரம்பிப்பார். தெரியாது என்று சொன்னால் சொல்லித் தருவார். தெரியும் என்று சொன்னால் சரிபார்ப்பார். இரண்டுக்கும் ஒரே நேரம்தான் ஆகும்.

அவர் முன்பு பக்கத்து ஃப்ளாக் பட்டணத்துக் கோர்ட்டில் கதவு திறந்து மூடும் வேலை பார்த்தவர். விலகும்போது என்ன வேண்டும் என்று மாஜிஸ்திரேட் கேட்டாராம். வேறு யாராவது இருந்தால் கடிகாரம் கேட்டிருப்பார்கள். இவர் வேலைச் சட்டப் புத்தகம் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டு, அதை மெழுகுத்துணியில் சுற்றி அக்குளில் இடுக்கியபடி ஊருக்கு வந்து கரும்பு போட்டார்.

ஐந்தே பேர் வேலை செய்யும் வயலுக்கு அறிவிப்புப் பலகை வைத்த முதல் ஆள் அவர். வேலை நேரம், ஓய்வு நேரம், முதலாளி யார் என்ற விவரமெல்லாம் இங்கிலீஷ், பிரெஞ்சு, தமிழ், இந்தி என்று நாலு மொழியில் இருக்கும். அந்த ஐந்து பேரில் எழுத்துத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை.

"படிக்கவே தெரியாதவங்களுக்கு நாலு மொழி எதுக்கண்ணே?" என்று கேட்டேன்.

"அவங்க படிக்கணும்னு சட்டம் சொல்லல தம்பி. நான் எழுதணும்னு சொல்லுது."

ஆனால் தினமும் காலையில் ஐந்து பேரையும் நிற்க வைத்து, நாலு மொழியிலும் உரக்க வாசித்துக் காட்டிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பார். ஒருநாள் என் பசு வேலி தாண்டிப் போய், பலகையில் ஒட்டியிருந்த காகிதத்தில் பிரெஞ்சுப் பகுதியை மட்டும் தின்றுவிட்டது. மறுநாள் எனக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. கீழே, "பிரதி: மேற்படி பசுவுக்கு" என்று போட்டிருந்தார்.

வேலையாட்களோடு அவரும் குனிந்து கரும்பு வெட்டுவார். அதனால் தன்னையே ஆறாவது வேலையாளாகப் பதிவு செய்துகொண்டார். ஒருநாள் காலில் முள் குத்தி வயலுக்குத் தாமதமாக வந்தார். முதலாளியான ஆர்த்திக் அண்ணன், வேலையாளான ஆர்த்திக் அண்ணனிடம் விளக்கம் கேட்டு எழுதினார். வேலையாள் பணிவாகப் பதில் எழுதினார். அதை ஏற்பதா வேண்டாமா என்று முதலாளி ஒரு வாரம் யோசித்தார். அந்த ஒரு வாரமும் மனிதர் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. வேலை போய்விடுமோ என்ற கவலை!

அவரை மடக்கிய ஒரே ஆள் அண்ணிதான். வயலுக்குச் சோறு கொண்டுவருவதும் வேலைதானே என்று அண்ணன் அவருக்கும் ஓர் ஒப்பந்தம் எழுதி நீட்டினார். அண்ணி அதைக் கோயில் பூசாரியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை அடுப்பு பற்றவில்லை.

"என்னம்மா, பசிக்குதே?"

"ஆர்த்திக் ஏழு. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. நீங்கதான எழுதினீங்க?"

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் என் மனைவியிடம், "உனக்கு எந்தக் கிழமை லீவு தங்கச்சி?" என்று கேட்டுவிட்டுப் போவார். அவர் போன பிறகு நான் கொஞ்ச நேரம் தோட்டத்துப் பக்கம் நடமாட வேண்டியிருக்கும்.

இதெல்லாம் சிரிப்பதற்கு. வம்பு வந்தது விசிலால்.

பதினொரு மணிக்கு ஓய்வு விடுவதற்காக, பழைய ரயில் கார்டு ஒருவரிடமிருந்து அண்ணன் ஒரு விசில் வாங்கி வைத்திருந்தார். அவருக்கு மூச்சு அதிகம். ஊதினால் அவருடைய ஐந்து பேர் மட்டுமல்ல, பக்கத்துப் பெரிய எஸ்டேட்டில் வெட்டிக்கொண்டிருந்த கூட்டமும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிடும். எஸ்டேட்டின் மேஸ்திரிகளான சர்தார்கள் ஓடி ஓடி எழுப்புவார்கள். எழுந்தவர்கள், "அங்கே மட்டும் ஓய்வு, எங்களுக்கு ஏன் இல்லை?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பலகையில் எழுதியிருந்ததைத் தினமும் காற்றுவாக்கில் கேட்டுக் கேட்டு அவர்களுக்கும் மனப்பாடமாகியிருந்தது.

எஸ்டேட் மானேஜர் சும்மா இருப்பாரா? எங்கள் ஊரின் சின்ன விவசாயிகள் யாரும் ஆட்களை முறைப்படி பதிவு செய்வதில்லை என்று தலைநகர் போர்ட் லூயிஸுக்கு எழுதிப் போட்டார். ஒரு புதன்கிழமை சாயங்காலம் எங்களுக்கு அரசாங்கக் கடிதம் வந்தது. மறுநாள் இன்ஸ்பெக்டர் வருகிறார். கோர்ட்டில் பதிவான ஒப்பந்தம் இல்லாதவர்கள் அந்த அறுவடைக்கு ஆள் வைக்கக் கூடாது.

ஆள் இல்லாவிட்டால் கரும்பு வயலிலேயே நின்று காயும். ஒரு பருவம் காய்ந்தால், அடுத்த பருவம் அந்த நிலம் எஸ்டேட்டின் கைக்குப் போகும். எங்கள் ஊரில் இரண்டு குடும்பங்களுக்கு அப்படித்தான் ஆகியிருந்தது. என் அப்பா பாறை பொறுக்கிப் பொறுக்கி உண்டாக்கிய நிலம் என்னுடையது. வயலின் ஓரத்தில் அந்தக் கற்கள் இன்றும் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கின்றன.

சின்ன விவசாயிகள் நாங்கள் ஏழு பேர். ஆர்த்திக் அண்ணனை விட்டால் ஆறு. அதில் ஐந்து பேர் ஏற்கெனவே பதிவு செய்திருந்தார்கள். சட்டத்தின் மேல் ஆசையால் இல்லை. அண்ணன் தினமும் வீட்டு வாசலில் வந்து நின்றதால், அவரை அனுப்பிவைக்க வேறு வழி இல்லாமல் செய்தார்கள். நான் ஒருவன்தான் வீறாப்பாக, "என் ஆளுங்க என் சொந்தக்காரங்க மாதிரி. எங்களுக்குள்ள காகிதம் எதுக்கு?" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவன்.

கடிதத்தைப் படித்ததும் அந்த நெஞ்சு எங்கே போனது என்று தெரியவில்லை. அண்ணன் வீட்டுக்கு ஓடினேன்.

"அண்ணே, போன மாசத் தேதி போட்டு என் ஆளுங்க ஒம்பது பேருக்கும் காகிதம் எழுதிக் குடுத்துடுங்க. காலம் பூரா மறக்க மாட்டேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பொய்த் தேதி போடுற ஆளு நான் இல்ல தம்பி. நேத்து வரைக்கும் நீ செஞ்சது தப்பு. அது தப்பாவே இருக்கட்டும். நாளையிலேர்ந்து சரியா இரு."

"நாளைக்கு இன்ஸ்பெக்டரே வந்துடுவாரே!"

மெழுகுத்துணியை அவிழ்த்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஓரிடத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

"இன்ஸ்பெக்டர் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னால தானே வந்து தப்ப ஒத்துக்கிட்டு, அன்னிக்கே பதிவும் செஞ்சுட்டா, வெறும் எச்சரிக்கைதான். தடை கிடையாது. காலையில ஒம்பது பேரையும் வண்டியில ஏத்து. ஃப்ளாக் கோர்ட்டுக்குப் போவோம்."

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கே மாட்டு வண்டியைப் பூட்டி நிறுத்திவிட்டேன். எட்டு பேர் ஏறினார்கள். மாரியாயி ஏறவில்லை. என்னிடம் வேலை செய்தவர்களில் மூத்தவர் அவர்தான். வெட்டுக்கத்தி பிடித்தால் ஆண்களே இரண்டடி தள்ளி நிற்பார்கள்.

"நான் கைநாட்டு வைக்க மாட்டேன் தம்பி. எங்கப்பன் கப்பலேறும்போது ஒரு காகிதத்துல வச்சான். அஞ்சு வருசம் எஸ்டேட் எல்லையத் தாண்ட முடியல. ஒருநாள் காய்ச்சல்ல படுத்ததுக்கு ஜெயில்ல போட்டாங்க. காகிதம்னாலே எனக்கு ஆகாது."

ஆர்த்திக் அண்ணன் வண்டியிலிருந்து இறங்கினார். ராத்திரியே எழுதி வைத்திருந்த ஒப்பந்தத்தோடு மாரியாயி எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"அக்கா, அது உங்கப்பாவக் கட்டின காகிதம். இது இவனக் கட்டுற காகிதம். இவன் உங்களுக்கு என்னென்ன செய்யணும்னு இதுல இருக்கு. முழுசா வாசிக்கிறேன். ஒரு வரி பிடிக்கலன்னாலும் வைக்காதீங்க."

வாசித்தார். தமிழில் ஒரு தடவை. சந்தேகம் வந்த இடங்களில் கிரியோலில் இன்னொரு தடவை. சூரியன் ஏறிக்கொண்டே இருந்தது. நான் வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்து ஒரு பாதையே போட்டுவிட்டேன். எல்லாம் முடிந்ததும் மாரியாயி யோசித்துவிட்டுச் சொன்னார்: "உங்ககிட்ட வேலை செய்யுற என் மருமக கைப்பிள்ளைக்காரி. பால் குடுக்க நேரம் விடணும். அதையும் எழுது."

அண்ணன் என்னைப் பார்த்தார். "எழுதுங்கண்ணே" என்றேன். எழுதினார். மாரியாயி வண்டியில் ஏறி, நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அப்போது மணி ஒன்பதரை.

மாடுகளை விரட்டினேன். பாதி வழி வந்திருப்போம். பின்னாலிருந்து காதைக் கிழித்துக்கொண்டு விசில் சத்தம் வந்தது. மாடுகளே நின்றுவிட்டன.

"மணி பதினொண்ணு. ஓய்வு!"

"அண்ணே! இது வயல் இல்ல, ரோடு!"

"முதலாளி கூப்பிட்டு வந்தா அது வேலை நேரம்தான். சட்டத்துக்காகப் போற வழியில சட்டத்த மீறச் சொல்றியா?"

எனக்கு அழுகை வந்தது. ஒன்பது பேரும் இறங்கி ஒரு மாமர நிழலில் பொட்டலத்தைப் பிரித்தார்கள். ரொட்டி, கீரை மசியல், மிளகாய் ஊறுகாய். மாரியாயி எனக்கும் ஒரு ரொட்டி நீட்டினார். அதைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஃப்ளாக் பக்கத்திலிருந்து ஒரு குதிரை வண்டி வந்தது. உள்ளே தொப்பியும் கறுப்புக் கோட்டுமாக ஒரு துரை. மடியில் தோல் பை. ரயிலில் ஃப்ளாக் வரைக்கும் வந்து, அங்கிருந்து எங்கள் ஊருக்குப் போய்க்கொண்டிருந்த இன்ஸ்பெக்டரேதான். மாட்டு வண்டியையும் கூட்டத்தையும் பார்த்து நிறுத்தச் சொன்னார்.

"இங்கே என்ன நடக்கிறது?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

ஆர்த்திக் அண்ணன் எழுந்து, சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டார். "நடுப்பகல் ஓய்வு, மிசியே. சட்டப்படி." பிறகு துரையை விட்டுவிட்டு வண்டிக்காரரைப் பார்த்தார். "நீங்க எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தீங்க?"

"அஞ்சு மணிக்கு" என்றார் வண்டிக்காரர்.

"சாப்பிட்டீங்களா?"

வண்டிக்காரர் துரையைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். மாரியாயியின் ரொட்டியைப் பார்த்தார். "இல்ல" என்றார்.

அண்ணன் மெழுகுத்துணியை அவிழ்த்தார். நிலம் போச்சு, மானம் போச்சு, இனி அண்ணனை வேறு ஜாமீனில் எடுக்க வேண்டும் என்று நினைத்தேன். அவரோ பக்கத்தைக் காட்டி, "ஆர்த்திக் ஒன்பது, மிசியே. ஆறு மணி நேரம் வேலை செஞ்சவருக்கு ஒரு மணி நேரம் ஓய்வு. வேலையாள் யாருடையவராயிருந்தாலும்" என்றார்.

துரையின் முகம் சிவந்தது. புத்தகத்தை வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார். தொப்பியைக் கழற்றி, வண்டியிலிருந்து இறங்கி, மாமரத்தின் வேரில் உட்கார்ந்தார். மாரியாயி அவருக்கும் ஒரு ரொட்டி கொடுத்தார். ஊறுகாயைக் கடித்த துரைக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஆனாலும் இன்னொரு ரொட்டி கேட்டு வாங்கினார்.

சரி, தப்பித்தோம் என்று நான் மூச்சு விட்ட அதே நேரத்தில் ஆர்த்திக் அண்ணன் என்னைக் கைகாட்டினார்.

"மிசியே, இவன் ஆளுங்களை இதுவரைக்கும் பதிவு செய்யல. தப்புதான். அதைச் சரிசெய்யத்தான் கோர்ட்டுக்குப் போறோம்."

ரொட்டித் துண்டு என் கையிலிருந்து நழுவியது. துரை என்னைப் பார்த்தார். தோல் பையைத் திறந்து பட்டியலை எடுத்தார்.

"நீங்க இன்னும் இவன் வயலுக்குப் போகல. நீங்க கண்டுபிடிக்கிறதுக்கு முன்னால நாங்களே சொல்லிட்டோம். ஆர்த்திக் இருபத்தி ரெண்டு. நேரத்தைக் குறிச்சுக்குங்க, மிசியே."

துரை கடிகாரத்தைப் பார்த்தார். பேனாவை எடுத்துக் குறித்தார். அவருடைய மீசை ஆடியது. சிரிப்பை அடக்குகிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. "நாலு மணிக்கு உன் வயலுக்கு வருவேன். காகிதம் கையில் இருக்க வேண்டும்" என்றார் என்னிடம்.

பன்னிரண்டு மணிக்கு அண்ணன் விசில் ஊதினார். எங்கள் ஆட்கள் வண்டியில் ஏறினார்கள். துரையும் எழுந்தார். அண்ணன் அவரைத் தடுத்தார். "உங்க வண்டிக்காரருக்கு இன்னும் இருபது நிமிஷம் பாக்கி இருக்கு, மிசியே." துரை மறுபடியும் வேரில் உட்கார்ந்ததை நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வண்டியை ஓட்டினேன்.

கோர்ட்டுக்குப் போனால், குமாஸ்தா அப்போதுதான் சாப்பாட்டைப் பிரித்திருந்தார். நான் உள்ளே பாயப் போனேன். அண்ணன் என் தோளைப் பிடித்து இழுத்தார். வாசலில் குறுக்கே நின்றுகொண்டு, என்னை மட்டுமல்ல, பின்னால் வந்த இரண்டு வக்கீல்களையும் உள்ளே விடவில்லை. "அவர் சாப்பிடுறார். ஓய்வு நேரம்." குமாஸ்தா நிம்மதியாகச் சாப்பிட்டு, கை கழுவி, வெளியே வந்தார்.

"இத்தனை வருஷத்துல நான் சாப்பிட்டேனான்னு பார்த்த ஆள் நீங்க ஒருத்தர்தான்" என்றார். ஒன்பது ஒப்பந்தமும் அப்பளம் பொரிவதுபோல் பதிவாயின. மாரியாயிதான் முதல் கைநாட்டு. வைத்துவிட்டு, மை ஆறும்வரை காகிதத்தை ஊதிக்கொண்டே நின்றார்.

மாடுகள் என்ன நினைத்தனவோ, திரும்பும் வழியில் குதிரையாகிவிட்டன. நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது என் வயல் வரப்பில் குதித்தேன். துரை மற்ற ஆறு வயல்களையும் பார்த்துவிட்டு வந்து நின்றுகொண்டிருந்தார். ஒன்பது காகிதங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பால் கொடுக்கும் நேரம் பற்றிய வரியில் நின்றார். "இது சட்டத்திலேயே இல்லையே?" என்றார்.

"சட்டத்துல இல்லன்னா என்ன, காகிதத்துல இருக்குல்ல?" என்றார் மாரியாயி. அண்ணன் அதைப் பிரெஞ்சில் சொன்னார். துரை இம்முறை வாய்விட்டுச் சிரித்தார். ஏழு வயல்களும் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அத்தோடு விட்டிருந்தால் அவர் ஆர்த்திக் அண்ணன் இல்லை. "மிசியே, ஒரு ஊருக்குச் சோதனைக்கு வந்தா, அந்த ஊர்ல ஆள் வச்சிருக்கிற எல்லாரையும் பார்க்கணும்னு இருக்கு" என்று சொல்லி, விரலால் எஸ்டேட் புகைபோக்கியைக் காட்டினார்.

துரை போனார். அங்கே அறிவிப்புப் பலகை இல்லை. நடுப்பகல் ஓய்வும் இல்லை. மானேஜர் என்ன சொன்னார் என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் அடுத்த வாரமே எஸ்டேட் வாசலில், நாலு மொழியில், கதவு அகலத்துக்குப் பெரிய பலகை ஒன்று முளைத்தது. தமிழில் இரண்டு எழுத்துப்பிழை இருந்ததாக அண்ணன் மானேஜருக்குக் கடிதம் போட்டார். அதுவும் திருத்தப்பட்டது! பதினொரு மணிக்கு எஸ்டேட்டின் ஆலைச் சங்கே ஊதியது. இரண்டு பக்கத்துக் கூட்டமும் ஒரே நேரத்தில் கத்தியைக் கீழே வைத்து உட்கார்ந்தது. அந்தப் பக்கத்திலிருந்து யாரோ "ஆர்த்திக்!" என்று கத்த, கரும்புக்காடே கை தட்டியது.

அந்த அறுவடையில் எங்கள் ஏழு பேர் வயலிலும் ஒரு கரும்பு நிற்கவில்லை. கடைசி வண்டி ஆலைக்குப் போன அன்று, அண்ணனை மாலை போட்டு வண்டியில் ஏற்றி, மேளத்தோடு ஊரைச் சுற்றி வந்தோம். பாதி ஊர்வலத்தில் அவர் இறங்கிக்கொண்டார். மேளக்காரர்கள் தண்ணீர் குடித்தார்களா என்று விசாரிக்க.

அடுத்த மாதம் எனக்கு மகன் பிறந்தான். கோயிலில் பெயர் வைக்கும்போது, என்ன பெயர் என்று பூசாரி கேட்டார். நானும் மனைவியும் முன்பே பேசி வைத்திருந்தோம். ஆர்த்திக் அண்ணனுக்கு அவர் அம்மா வைத்த நிஜப் பெயரைச் சொன்னேன். கூட்டத்தில் பாதிப் பேருக்கு அது யாருடைய பெயர் என்றே தெரியவில்லை. தூண் ஓரத்தில் நின்றிருந்தவருக்குத் தெரிந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். அது எங்கள் வீட்டில், சாப்பிட வா என்று கூப்பிடுவதற்கு வைத்திருக்கும் பெயர்.